உயிர்ப்பு ஞாயிறும் மறுநாள் வேலையும்: தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஈஸ்டர் வாரம்

ஈஸ்டர் ஞாயிறுக்கு மறுநாள் இங்கிலாந்தில் வங்கிகள் திறப்பதில்லை. அந்த விடுமுறையை 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டமே உறுதி செய்துவிட்டது. இத்தாலியில் அன்று குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போவார்கள். போலந்தில் இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அன்றைக்கு அரசு விடுமுறை. தருமபுரியில் அது வேலைநாள். பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் உண்டு. பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டிகள் லாரி ஏறும். பெரிய வெள்ளிக்காக ஊருக்கு வந்தவர்களில் பலர் ஞாயிறு இரவே ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியிருப்பார்கள்.

ஈஸ்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில் இந்தத் திருநாள் எப்படி நடக்கிறது என்று அறிய வேண்டுமானால், திங்கட்கிழமையில் நின்றுகொண்டு முந்தைய மூன்று நாள்களையும் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளின் அமைதி இங்கே தானாகக் கிடைத்துவிடுவதில்லை. கூலி, பயிர், பஸ், தேர்வு, தேர்தல் என்று எல்லாவற்றோடும் இழுபறி நடத்தித்தான் மக்கள் அதைப் பெறுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய பகுதி. ஆனால் அவர்களின் வரலாறு சிறியதல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபையினர் மைசூர் மிஷனைத் தொடங்கியபோது, இன்றைய கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த மேட்டு நிலமும் அவர்களின் நடமாட்டத்துக்குள் வந்தது. தருமபுரிக்கு அருகிலுள்ள கோவிலூர், புனித சவேரியார் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த பழைய கிறிஸ்தவ ஊர். பொம்மிடிப் பக்கம் பி.பள்ளிப்பட்டியில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் இந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானது. 1997 ஜனவரியில் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் அதன் எல்லைக்குள் அடங்கும். இரண்டும் ஒரே வருவாய் மாவட்டமாக இருந்த காலம் அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் சிறு ஊர்களில் வாழ்கிறவர்களுக்குப் பக்கத்து ஊர் என்பது பெரும்பாலும் மாரியம்மன் கோயில் ஊர்தான். ஈஸ்டர் வருகிற காலமோ பங்குனி, சித்திரை. மாவட்டம் முழுக்கத் திருவிழா களைகட்டும் நேரம் அது. காப்புக் கட்டு, கூழ் ஊற்றுதல், விடிய விடியத் தெருக்கூத்து என்று ஒலிபெருக்கிகள் ஓயாது. பெரிய வெள்ளியின் மௌனத்தை இந்த ஓசைக்கு நடுவில்தான் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கத்துக்குக் காரணம் நிலா. இளவேனில் சமநாளாகத் திருச்சபை வைத்திருக்கும் மார்ச் 21இலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. நம் பங்குனி உத்திரமும் பெரும்பாலும் அதே முழுநிலவை ஒட்டித்தான் வருகிறது. 2021இல் உத்திரம் மார்ச் 28, ஈஸ்டர் ஏப்ரல் 4. 2023இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 9. 2024இல் மார்ச் 25, மார்ச் 31. முருகனுக்குக் காவடி எடுத்த வீட்டுக்காரரும் சிலுவைப் பாதைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் விரதத்தில் இருப்பது இப்படித்தான் நேர்கிறது. இரு வீட்டிலும் அந்த நாள்களில் கறிக் குழம்பு கொதிப்பதில்லை.

தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒரே சீராக அமைதியாக இருப்பதில்லை. குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தோடு பவனி வரும்போது பாட்டும் சத்தமும் இருக்கும். வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்தப் பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதத்தோடு ஒலிக்கும் மணி, அதற்குப் பிறகு சனி இரவுவரை ஒலிக்காது. இடைப்பட்ட நேரத்தில் மணிக்குப் பதிலாக மரத்தட்டியை அடிக்கும் பழைய வழக்கமும் உண்டு. பீடத்துணி அகற்றப்படும். வெள்ளிக்கிழமை பூசை கிடையாது. மதியம் மூன்று மணியை ஒட்டிப் பாடுகளின் வாசகமும் சிலுவை முத்தியும் நடக்கும். வெயில் கொளுத்தும் ஏப்ரலில், ஒருபொழுது இருந்து, சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்களையும் ஊர்த்தெருவில் முழங்காலிட்டு முடிப்பது எளிதல்ல. அது முடிந்ததும் பல ஊர்களில் கஞ்சி ஊற்றுவார்கள். கேட்டு வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த மூன்று நாளில் உண்மையிலேயே வெறுமையான நாள் சனி. பகலில் எந்தச் சடங்கும் இல்லை. பீடம் வெறுமையாக இருக்கும். இந்த வெறுமையை ஆதிகாலத்திலிருந்து வந்த வழக்கம் என்று பலர் நினைக்கலாம். ஆனால் இன்றைய வடிவில் அது 20ஆம் நூற்றாண்டின் மீட்பு. பல நூற்றாண்டுகளாக இரவுத் திருவிழிப்புச் சடங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்து, சனிக்கிழமைக் காலையிலேயே செய்து முடித்துவந்தார்கள். வெளிச்சத்தின் திருநாளைப் பட்டப்பகலில் மெழுகுதிரி ஏற்றிக் கொண்டாடினார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனையாகவும் 1955இல் முறையாகவும் அதை மீண்டும் இரவுக்கு மாற்றினார். அதன் பிறகுதான் சனிக்கிழமைப் பகல் காலியானது. ஒரு சமயச் சீர்திருத்தம் உழைக்கும் மக்களுக்கு என்ன தந்தது என்று கேட்டால், இந்தக் காலிப் பகலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆலயத்தில் சடங்கு இல்லாத அந்தப் பகலில்தான் வீடு மெழுகுவது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க டவுனுக்குப் போவது, வெளியூரிலிருந்து வரும் மகனுக்காகக் காத்திருப்பது எல்லாமே நடக்கின்றன.

இரவு பத்தரை, பதினொரு மணிக்கு ஆலயத்துக்கு வெளியே தீ மூட்டுவார்கள். பாஸ்கா மெழுகுதிரியை அருகில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். அதன்மேல் சிலுவையும், கிரேக்க எழுத்துவரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் இருக்கும். ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைச் சாமியார் அதில் பதிப்பார். ஆண்டைத் திரியிலேயே எழுதிவைப்பதால், சென்ற ஆண்டின் மெழுகுதிரியை இந்த ஆண்டுத் திருவிழிப்புக்குப் பயன்படுத்த முடியாது. பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த ஒரே திரியிலிருந்து தீ எடுத்து எல்லாரும் தங்கள் கைத்திரியை ஏற்றிக்கொள்வார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மொத்தம் ஏழு. குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் விடக்கூடாது. பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கிப்போன பிறகு மணி அடிக்கும், பாட்டு எழும்பும், தூங்கியவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். ஞாயிறு மதியம் வீட்டில் கறி. பிரியாணிதான் என்று இல்லை. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இந்த மாவட்டத்தில் அதற்கு இணையான விருந்துதான்.

சொல்வதற்கு எளிதான இந்த வரிசை, நடைமுறையில் எத்தனையோ இடங்களில் முறிகிறது. பட்டு வளர்க்கிற வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, தமிழ்நாட்டில் வெண்பட்டுக்கூடு உற்பத்திக்குப் பேர்போன மாவட்டம். முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டத் தொடங்கும்வரை புழுவுக்கு ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒருநாள் அளவுக்கு எதுவும் தின்னாமல் கிடப்பதைத் தூக்கம் என்பார்கள். நான்காம் தூக்கம் கலைந்து எழுந்த புழுவுக்கு அதன்பின் ஏழெட்டு நாள் அடங்காத பசி. தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த வாரத்தில்தான் தின்னும். மல்பெரித் தண்டை அறுத்துக்கொண்டு வந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வேளை இரவில்தான். பழுத்த புழு இலையை விட்டுத் தலையைத் தூக்கும், உடல் கண்ணாடிபோல மின்னும். சில மணி நேரத்துக்குள் அதைக் கூடு கட்டும் தட்டியான சந்திரிகையில் விட்டாக வேண்டும். தவறினால் கண்ட இடத்தில் நூலை விட்டு வீணடித்துவிடும்.

அந்த நேரம் பாஸ்கா இரவில் வந்தால்? வீட்டில் பாதிப்பேர் ஆலயத்துக்குப் போவார்கள், பாதிப்பேர் புழு மனையில் இருப்பார்கள். பெரும்பாலும் மனையில் நிற்பது வீட்டுப் பெண்கள்தான். கூடு அறுவடையாகிவிட்டாலோ வேறு அவசரம். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு பட்டுப்பூச்சியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துபோகும், கூட்டுக்கு விலை போகாது. ஆகவே சனிக்கிழமை பறித்த கூட்டைத் திங்கட்கிழமைக்கு மேல் வைத்திருக்க யாரும் துணியமாட்டார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் கூட்டுமூட்டையோடு தருமபுரி அங்காடிக்கு வருகிற விவசாயி பக்தியில் குறைந்தவர் அல்லர். வாங்குகிறவர் ஒரு கை அள்ளி, அமுக்கி, குலுக்கிப் பார்த்து விலை கேட்கும் அந்தச் சில நிமிடத்தில்தான் அவருடைய ஒரு மாத உழைப்பின் கூலி தீர்மானமாகிறது.

புளி தட்டும் வேலையும் இந்தப் பருவத்தில்தான். தையில் தொடங்கும் அறுவடை பங்குனிவரை நீளும். ஓட்டை உடைத்து, நாரைக் கிழித்து, கொட்டை எடுத்துத் தருகிற பெண்களுக்குக் கூலி எடைக் கணக்கில். பெரிய வெள்ளியன்று உட்காரவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. சட்டம் இங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் தமிழக அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் பொது விடுமுறைப் பட்டியலில் புனித வெள்ளி உண்டு. அது அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் பொருந்தும். தொழிற்சாலைகளுக்கு வேறு சட்டம். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி, குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கும் கட்டாயம். அவற்றோடு பண்டிகை விடுமுறை ஐந்து. எந்த ஐந்து என்பது இடத்துக்கு இடம் மாறும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூசை என்று எண்ணத் தொடங்கினால், புனித வெள்ளிக்கு அதில் இடம் கிடைப்பது உறுதியில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் போன தருமபுரி இளைஞர் பெரிய வெள்ளிக்கு ஊர் வருவாரா என்பது இந்தப் பட்டியலைப் பொறுத்தது. கட்டட வேலைக்கும் எடைக்கூலிக்கும் போகிறவர்களுக்கோ எந்தப் பட்டியலும் இல்லை. வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். அவர்கள் வெள்ளிக்கிழமை மௌனமாக ஆலயத்தில் அமரும்போது அந்த மௌனத்துக்கு விலை கொடுத்துவிட்டுத்தான் அமர்கிறார்கள். அதை மதிக்காமல் ‘அமைதியான ஈஸ்டர்’ என்று எழுதுவது நியாயமாகாது.

திருச்சபையின் கணக்கில் ஞாயிறோடு திருநாள் முடிவதில்லை. எட்டு நாளும் உயிர்ப்பின் நாளே. திங்கட்கிழமைப் பூசையில் மத்தேயு 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசிப்பார்கள். கல்லறையை விட்டு அச்சமும் மகிழ்ச்சியுமாக ஓடுகிற பெண்களும், பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்ல ஒப்புக்கொள்கிற காவலர்களும் அதில் வருகிறார்கள். திருநாளுக்கு மறுநாளே உலகம் தன் வழக்கமான பேரத்துக்குத் திரும்பிவிட்டதைச் சொல்லும் பகுதி அது. அதைக் கேட்க அன்று காலை ஆலயத்துக்கு வருகிறவர்கள் சிலரே. மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

எல்லாத் திங்களும் சாதாரணமாக விடிந்துவிடவில்லை. 2020இல் ஈஸ்டர் ஏப்ரல் 12. ஊரடங்கின் மூன்றாவது வாரம். தருமபுரியில் அதுவரை ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. ஆனாலும் ஆலயங்கள் பூட்டியிருந்தன. சாமியார்கள் ஆளில்லாத ஆலயத்தில் பாஸ்கா மெழுகுதிரி ஏற்றினார்கள். மக்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். அந்த ஆண்டின் அமைதி யாரும் விரும்பிப் பெற்றதில்லை. மறுநாள் திங்களன்று தமிழக அரசு ஊரடங்கை ஏப்ரல் 30வரை நீட்டித்தது. அடுத்த ஆண்டு நேர்மாறு. 2021 ஏப்ரல் 4, உயிர்ப்பு ஞாயிறு. சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் ஓய்ந்ததும் அன்று மாலை ஏழு மணிக்குத்தான். கடைசி நாளின் வாகனங்களும் ஒலிபெருக்கிகளும் தெருவை நிறைத்திருந்தன. வாக்குப்பதிவு செவ்வாய் என்பதால், தேர்தல் பணிக்கு ஆணை பெற்ற ஆசிரியர்கள் திங்களன்று வாக்குச்சாவடிக்குப் புறப்பட்டார்கள்.

கடல்கடந்து ஒரு திங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். மட்டக்களப்பில் பலியானவர்களில் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. மறுநாள் அங்கே யாருக்கும் வழக்கமான வேலைநாளாக விடியவில்லை. திங்கள் நள்ளிரவு முதல் நெருக்கடிநிலை அமலுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு ஆலயங்கள் திறக்கவில்லை, பேராயர் மால்கம் ரஞ்சித் தொலைக்காட்சி வழியே பூசை நிறைவேற்றினார். அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கிறவர்களுக்கு, மறுநாள் எதுவும் நடக்காமல் விடிவதன் அருமை தெரியும்.

2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. ஞாயிறன்று திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கான் மாடத்தில் தோன்றினார், வண்டியில் மக்கள் நடுவே வந்தார். மறுநாள் திங்களன்று ரோம் நேரப்படி காலை 7.35க்கு உயிர் பிரிந்தது. அறிவிப்பு இந்தியாவுக்கு வந்தபோது மணி பிற்பகல் 1.15ஐத் தாண்டியிருந்தது. வேலைக்குப் போனவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி அறிந்தார்கள். அன்று விடுமுறை நாளாக இருந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அது வேலைநாள் என்பதால் வயலிலும் கடையிலும் கைப்பேசி வழியாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில், கூர்ந்து பார்க்க வேண்டிய ஆண்டு 2024. ஈஸ்டர் மார்ச் 31இல், அதாவது நிதியாண்டின் கடைசி நாளில் வந்தது. அரசின் வரவு செலவுகளைக் கையாளும் வங்கிகள் அந்த ஞாயிறன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு வங்கி ஊழியருக்கு வேலைநாளானது. திங்களன்று ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வாடிக்கையாளர் சேவை நிறுத்தப்பட்டது. திருநாளில் வேலை, மறுநாள் கதவடைப்பு.

வங்கி ஊழியர்கள் வளர்ந்தவர்கள். மாற்று ஏற்பாடு ஏதாவது செய்துகொள்வார்கள். பத்தாம் வகுப்பு மாணவரால் என்ன செய்ய முடியும்? அந்த ஆண்டுப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாள் மார்ச் 28, பெரிய வியாழன். அடுத்த தாள் கணக்கு, ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள், காலை பத்து மணிக்கு. இடையில் வெள்ளி, சனி, ஞாயிறு. கால அட்டவணை போட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போட்டிருப்பார்கள். கடினமான தாளுக்கு முன்னால் மூன்று நாள் படிக்கக் கிடைக்கட்டும் என்பது அதன் பொருள். பெரும்பாலான மாணவர்களுக்கு அது அப்படியே கிடைத்தது. கிறிஸ்தவ மாணவருக்கோ, அந்த மூன்று நாள்தான் ஆண்டிலேயே ஆலயத்தில் அதிக நேரம் செலவாகும் நாள்கள். வெள்ளி சிலுவைப் பாதை, சனி நள்ளிரவுவரை திருவிழிப்பு, ஞாயிறு விருந்தாளிகள். அட்டவணையில் எல்லாருக்கும் ஒரே இடைவெளி. படிக்கக் கிடைத்த நேரம் ஒன்றல்ல. பாடல்குழுவில் இருக்கிற ஒரு பெண் திருவிழிப்புக்குப் போவதா, வடிவியலைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், அந்தச் சுமையை அவள் தலையில் வைத்தது அந்த அட்டவணை. கல்வியில் முன்னேறப் போராடிவரும் தருமபுரியில் கணக்குத் தாள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது. அதை இலேசாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது.

திங்கட்கிழமையை விடுமுறையாக்கக் கேட்பது இதற்குத் தீர்வல்ல. பட்டுப்புழுவும் தக்காளியும் அதை ஏற்காது, எடைக்கூலிக்காரருக்கு அது இன்னொரு கூலியிழப்பு. தேவைப்படுவது அதைவிட மிகச் சிறியது. ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்பது எத்தனை ஆண்டுகளுக்கு முன்னதாகவும் கணக்கிடக் கூடியது. 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16, 2029இல் ஏப்ரல் 1. மூன்றில் இரண்டு, தேர்வுக் காலத்தின் நடுவில் விழக்கூடியவை. முதன்மைத் தாளைத் திங்களில் வைக்காமல் செவ்வாய்க்குத் தள்ளினால் போதும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அட்டவணை தயாரிக்க உட்காரும் நாளில், மேசையில் அந்தந்த ஆண்டின் நாள்காட்டியோடு இந்தத் தேதிகளும் இருக்கட்டும்.